மூன்றாவது வரி

அக்டோபர் 3, வியாழன்

எழுந்ததும் முதல் வேலையாகத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது கையில் பால் இல்லை. வீட்டுக்காரர் ஜெயபால் கவனிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

போஸ்டர் இன்னும் இருக்கிறது. ஏழு மாத வெயில், நேற்றைய மழை. மேலே ஒட்டிய காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும் உரிந்து தொங்குகின்றன. சிவப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. நல்ல மை போடச் சொன்னது நான்தான்.

இடது அடியிலிருந்து வலது உச்சிக்குப் போகும் ஒரு சிவப்புப் பட்டை. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு இளைஞன், பட்டையின் சாய்விலேயே கையை உயர்த்தியிருக்கிறான். கை முடியும் இடத்தில் புகைபோக்கிகள். இரண்டே வரி: ‘ரஷ்யாவில் உடனடி வேலை. கிடங்கு, சமையல்கூடம், ஓராண்டு ஒப்பந்தம்.’ கீழே ஒரு போன் நம்பர். சிவகாசிக்கு வந்து இருபது வருடமாகக் காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் ஆர்ட்வொர்க் செய்கிறேன். எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

படத்தில் இருப்பவன் காளிராஜ். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்யும் குருவம்மாக்காவின் மகன். போஸ்டர் ஆர்டர் வந்த பிப்ரவரியில் ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவனை ஸ்டூலில் ஏற்றி, கையைத் தூக்கச் சொல்லி, என் போனில் படம் எடுத்தேன். ஏப்ரலில் அந்த நம்பருக்குப் பேசி, ரஷ்யா போய்விட்டான்.

அவன் குரலைக் கேட்டு நாற்பத்தொரு நாள் என்று நேற்று குருவம்மாக்கா சொன்னாள்.

அக்டோபர் 5, சனி

மதுரையில் ஒரு ஓவியக் கல்லூரியில் இருபத்தாறாம் தேதி பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: ரஷ்யாவின் போர்க்காலச் சுவரொட்டிகள். சென்னையில் முதுகலை படித்தபோது நான் ஆய்வு செய்தது அதைத்தான். அப்பா யூனியன்காரர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை எனக்கு வைத்தார். வாலண்டினா என்று யாரும் கூப்பிட்டதில்லை, ஊருக்கே நான் டீனா. ரஷ்யப் படங்கள் என்று பேச ஆள் தேடினால் இந்தப் பெயரே போதும் போலிருக்கிறது.

பதினான்கு படங்கள் தேர்ந்தெடுத்தேன். முதல் பகுதி, புரட்சிக்குப் பிறகு வந்த உள்நாட்டுப் போர்க்காலம். கடைகளில் விற்கப் பொருள் இல்லை. காலியான கண்ணாடி ஜன்னல்களில் போஸ்டர்களைத் தொங்கவிட்டார்கள். அச்சடிக்க வசதி போதவில்லை. அட்டையில் உருவத்தை வெட்டியெடுத்து, அந்த ஓட்டையின் வழியாக வண்ணம் ஒற்றி, ஒவ்வொரு தாளாகக் கையால் செய்தார்கள். ஒரு சிவப்பு முக்கோணம் ஒரு வெள்ளை வட்டத்தைக் குத்துகிறது, அவ்வளவுதான் படம். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். இரண்டாம் பகுதி, ஹிட்லர் படையெடுத்த காலம். அதற்குள் அந்தப் புதுமைக்காரர்கள் பலரை அரசாங்கமே ஓரங்கட்டிவிட்டது. தாளில் மூலைக்கு மூலை ஓடும், அவர்கள் கண்டுபிடித்த சாய்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டது.

மத்தியானம் குருவம்மாக்கா என் அறைக்கு வந்தாள். கையில் பசை காய்ந்திருந்தது.

“டீனா, நீதான் பெரிய படிப்பு படிச்சவ. ஒரு மனு எழுதித் தாயேன். கலெக்டருக்கு ஒண்ணு, டெல்லிக்கு ஒண்ணு.”

“என்னன்னு எழுதணும்க்கா?”

“கெடங்கு வேலைன்னுதான் போனான். எறங்கின மறுநா, ரஷ்யாக்காரன் எழுத்துல ஒரு பேப்பரக் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு, பட்டாளத்து முகாம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க. பள்ளம் தோண்டுறானாம். பள்ளம் தோண்டவா பாஸ்போர்ட்டு எடுத்தோம்? நம்ம கண்மாயில நூறு நாள் வேலைக்குப் போயிருந்தா மம்பட்டியும் தந்து மோரும் தந்திருப்பாங்களே.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு பையிலிருந்து நான்காக மடித்த போஸ்டரை எடுத்தாள். மகன் படம் இருப்பதால் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

“இதையும் மனுவோட சேத்துக் குத்தணும். இதுல பட்டாளம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா, பாரு.”

“இல்லக்கா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நான்தானக்கா போட்டேன். இல்ல.”

அக்டோபர் 6, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். துணி ஊறிக்கொண்டே கிடக்கிறது. மனுவை மூன்று தடவை எழுதினேன். ‘விளம்பரத்தில் ராணுவம் என்ற சொல்லே இல்லை’ என்ற வாக்கியம் வரும்போது மட்டும் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். மேசையில் முருகன் காலண்டரின் புரூஃப். வேலின் நுனியில் மஞ்சள் போதவில்லை என்றார். சரிசெய்கிறேன் என்றேன். நான் எழுந்ததும், “இரு தாயி” என்றார்.

“குருவம்மாவுக்கு மனு எழுதிக் குடுத்தியாம்ல?”

“ஆமா அண்ணாச்சி.”

“குடு. நல்ல காரியந்தான். ஆனா நம்ம பேரு அதுல வரப்படாது. நாம அடிச்சோம், குடுத்தோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கோம். மாப்பிள குடிகாரன்னு ஆயிட்டா நம்மளயா வந்து புடிப்பாக?”

புரூஃபைச் சுருட்டிக்கொண்டேன்.

“போஸ்டர் அடிக்கக் குடுத்த அந்த மதுரை ஏஜெண்ட்டோட வேலையெல்லாம் கம்ப்யூட்டர்ல கெடந்தா எடுத்துரு. காலண்டர் சீசன்ல எடத்த அடைக்கும்.”

எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். பழைய ஆர்ட்வொர்க்கைச் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம், மாலை. என் கம்ப்யூட்டருக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள், திரையில், சரியாக நடுவில். துடைக்கத்தான் அரைமணி நேரம் ஆனது.

குருவம்மாக்கா கட்டிங் மெஷினுக்குக் குங்குமம் வைத்த கையோடு, பைண்டிங் அறைச் சுவரில் தான் ஒட்டி வைத்திருக்கும் போஸ்டரில் மகன் நெற்றியிலும் வைத்தாள். பெண்கள் எல்லோரும் அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே பேசினார்கள்.

“உங்க மகன் கையத் தூக்கிட்டு நிக்கிறதப் பாத்தா மந்திரி மாதிரி இருக்கான்க்கா.”

“போஸ்டர்ல தூக்குனதுதான். வீட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்குனதில்ல” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “போறதுக்கு முன்னால என்ன சொன்னான் தெரியுமா டீனா? எம்மா, ஊரெல்லாம் எம் படத்தப் போட்டு வான்னு கூப்பிடுது, நானே போகலேன்னா வேற எவன் நம்புவான்னான். பெரிய எம்ஜியாருன்னு நெனப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொடுத்த பொரிகடலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அதில்தான் இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

காளிராஜ் பேசியிருக்கிறான். யாருடைய போனிலிருந்தோ, இரண்டு நிமிடம். குருவம்மாக்கா பைண்டிங்கிலிருந்து என் அறைக்கு ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு.

“இருக்கான். இருக்கான் டீனா.”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“மழ பெஞ்சுதான்னு கேட்டான். பெஞ்சுதுன்னேன். அங்க ஒரே சகதியாம். இப்ப துப்பாக்கி குடுத்துட்டாங்களாம். அடுத்த வாரம் முன்னால அனுப்புவாங்களாம். முன்னாலன்னா எங்கன்னு கேட்டேன், சும்மா முன்னாலம்மான்னான். அவன்கூட ஒரு தென்காசிப் பையன் இருந்தாம்ல, அவன் எப்படி இருக்கான்னு கேட்டேன். அவன் இல்லம்மான்னான்.”

“இல்லன்னா?”

“இல்லன்னுதான் சொன்னான்.”

டம்ளரை என் மேசைமேல் வைத்தாள். முருகன் காலண்டர் புரூஃபில் ஒரு வட்டம் விழுந்தது. வேறு பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

குருவம்மாக்காவோடு மதுரைக்குப் போய்வந்தேன். வக்கீல் பரிமளம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மனுவைப் படித்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார்.

“அம்மா, நான் நேராவே சொல்றேன். உங்க பையன் கையெழுத்துப் போட்டிருக்கான். அவனா விரும்பிச் சேந்தான்னு சொல்லி முடிச்சுருவாங்க. ஏஜெண்ட்டோ, எனக்கும் கிடங்கு வேலைன்னுதான் சொன்னாங்கன்னு சத்தியம் பண்றான். அவனுக்கு முதல்லயே ராணுவம்னு தெரியும், தெரிஞ்சே மறைச்சான்னு காட்ட முடிஞ்சா கேஸே வேற. பையன் ஏமாத்தப்பட்டவன்னு ஆயிடும். கோர்ட் டெல்லிய நெருக்கும், அவங்க அங்க பேசி எடுக்க வழி இருக்கு. ஆனா கையில ஏதாவது வேணும்.”

“கையிலன்னா?” என்றாள் குருவம்மாக்கா.

“அவன் எழுதினது, பேசினது, ஏதாவது.” வக்கீல் என்னைப் பார்த்தார். “நீங்க அந்த பிரஸ்லதான வேலை பாக்குறீங்க? போஸ்டருக்கு அந்த ஆள் அனுப்புன மேட்டர் இருக்குமா?”

“தேடிப் பாக்குறேன் மேடம்” என்றேன்.

பென்டிரைவ் என் கைப்பையில் பொரிகடலைக்கு நடுவில் கிடந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் குருவம்மாக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருமங்கலத்திலிருந்து சிவகாசிவரை நான் அசையவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

தேடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்து வைத்தேன். அத்தனை வெங்காயம் எதற்கு என்று ஜெயபால் கேட்டார்.

அவர் தாள் திருத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். “ஒரு பையன் கணக்குல ஒரு ஸ்டெப்ப விட்டுட்டான், விடை வந்திருச்சு. மார்க் போடுவீங்களா?”

“எந்த ஸ்டெப்புன்னு பாக்கணும்.” பேனாவை மூடினார். “டீனா, அந்த மதுரை ஆள் விஷயத்துல நீ ஏதும் மாட்டிருக்கியா?”

“இல்ல.”

“மாட்டிருந்தா எங்கிட்டகூடச் சொல்லாத. எனக்குத் தெரியாம இருந்தாத்தான் உனக்கு நல்லது.” அன்பாகத்தான் சொன்னார். உண்மையிலேயே அன்பாக.

ஏஜெண்ட் மார்ச் இரண்டாம் தேதி வாட்ஸப்பில் அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன். மூன்று வரி.

‘ரஷ்யாவில் உடனடி வேலை.
கிடங்கு, சமையல்கூடம், ஓராண்டு ஒப்பந்தம்.
ராணுவ முகாம்களில் பொருள் ஏற்றி இறக்கும் உதவியாளர் பணிக்கும் ஆட்கள் தேவை.’

மூன்றாவது வரி ஏன் போஸ்டரில் இல்லை என்பது வேறு விஷயம். இன்றைக்கு இவ்வளவு போதும்.

அக்டோபர் 23, புதன்

வக்கீல் அவசர வழக்காகப் போட்டுவிட்டார். ஏஜெண்ட் கோர்ட்டில் கொடுத்த பதிலை என் போனுக்கு அனுப்பியிருந்தார். குருவம்மாக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘எனக்கும் கிடங்கு வேலை என்றே தெரிவிக்கப்பட்டது. ராணுவம் என்பதை அறியேன். நானும் ஏமாற்றப்பட்டவனே.’

அவள் பசை வாளியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். கலக்குவதை நிறுத்தி, “பாவம், அவனையும்ல ஏமாத்திருக்காங்க. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்” என்றாள்.

வாசலுக்குப் போய் நின்றேன். எதிர்க் கடையில் தீபாவளிப் பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஐந்து லேபிள் என்னுடையது.

விசாரணை திங்கட்கிழமை.

அக்டோபர் 24, வியாழன்

அலுவலகத்துக்கு லீவு. வீட்டில் யாரும் இல்லாதபோது மார்ச்சில் ஏஜெண்ட் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பத்தொன்பது விநாடி.

“ஆமா மேடம், கரெக்ட்டு. நீங்க சொன்ன மாதிரியே அந்த வரிய எடுத்துருங்க. ராணுவம்னு பாத்தா பசங்க மெரண்டுருவாங்க, வீட்டுலயும் விடமாட்டாங்க. அத நாங்க அங்க போனப்புறம் பாத்துக்குறோம். ரெண்டு வரி போதும். படம் சூப்பர் மேடம்.”

வக்கீல் கேட்டது இதுதான். இதைவிடத் தெளிவாக எவனும் பேசமாட்டான்.

கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டிப் பார்த்தேன். ‘ஆமா மேடம், கரெக்ட்டு’ போய்விட்டது. ‘நீங்க சொன்ன மாதிரியே’ போய்விட்டது. ‘மேடம்’ எல்லாம் போய்விட்டது. மிச்சம் ஒன்பது விநாடி, ஒரு பிசிறு இல்லை. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

மறுபடி கேட்டேன். யாரோ ஒருவருக்கு அவன் பதில் சொல்வது அந்த ஒன்பது விநாடியிலும் கேட்கிறது. வெட்டிய பதிவு என்று எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை சொன்னால் போதும், குப்பைக்குப் போய்விடும். அதோடு காளிராஜும்.

வெட்டியதை அழித்தேன். மீன் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன்.

அக்டோபர் 26, சனி

பேசிவிட்டு வந்தாயிற்று. அறுபது எழுபது பிள்ளைகள் இருந்தார்கள். மின்விசிறி சத்தம். ஒன்பதாவது படம் வரைக்கும் நன்றாகவே போனது. நல்ல சுவரொட்டி செய்பவளுக்கு எதை விட்டுவிடவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும் என்று பழைய ஆய்வேட்டில் எழுதியிருந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டது. கைதட்டினார்கள். குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த படங்களில் என்ன விடப்பட்டிருக்கிறது என்றுதான் என் கண் தேடியது. சிவப்பு நிறம் இருந்தது. குதிரை இருந்தது, துப்பாக்கி இருந்தது, நீட்டிய விரல் இருந்தது. சகதி ஒன்றில்கூட இல்லை.

முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “மேடம், இந்த ஸ்டைல்ல இப்ப தமிழ்ல யாராச்சும் பண்றாங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா.”

பொன்னாடை போர்த்தினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, கழிப்பறைச் சுவரில் காளிராஜ் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். வரிசையாக நான்கு காளிராஜ்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் தெருமுனைக்குப் போனேன். தீபாவளித் தள்ளுபடிப் போஸ்டரை அதன் மேல் ஒட்டிவிட்டார்கள். நம்பர் போய்விட்டது, முகம் போய்விட்டது. வலது உச்சியில் உயர்த்திய கை மட்டும், மணிக்கட்டுவரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஏஜெண்ட்டின் பதிவுக்கு முன்னால் நான் அவனுக்கு அனுப்பிய பதிவைக் கேட்டேன். இத்தனை நாள் அதைத் தொடவில்லை. மார்ச் நான்காம் தேதி, காலை பதினொன்று பத்து. பின்னால் மெஷின் ஓடுகிறது. என் குரல் அவ்வளவு உற்சாகமாக இருக்கிறது.

“சார், மேட்டர் ஜாஸ்தியா இருக்கு. மூணாவது வரி சாய்கோட்டுக்குக் குறுக்க வருது, கண்ணு அங்க போய் நின்னுருது. அத எடுத்துருவோமா? ரெண்டு வரின்னா சும்மா அம்பு மாதிரி இருக்கும். படத்த அனுப்பியிருக்கேன், பாருங்க.”

அவன் மறைக்கச் சொல்லவில்லை. நான்தான் யோசனை சொன்னேன், அவன் பிடித்துக்கொண்டான். அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை என்று ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். படித்தேன். ‘ராணுவ’ என்ற சொல்லைப் படித்தேன். அதன் நீளத்தைத்தான் பார்த்தேன். எழுத்தைச் சிறிதாக்கினேன், நுழையவில்லை. இரண்டாக உடைத்தேன், அசிங்கமாக இருந்தது. ஸ்டூலில் நின்று கையைத் தூக்கிய பையனின் முழங்கைமேல் அது போய் இடித்தது. அவனுக்கும் அந்த வரிக்கும் அந்தத் தாளில் சேர்ந்து இடம் இல்லை. அவனை வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு ஏழேகால் மணி பஸ்ஸில் மதுரை போவதாக ஏற்பாடு. குருவம்மாக்காவை அவள் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஆறரைக்கே போவேன். போனை அவள் கையில் கொடுத்து இரண்டு பதிவையும் போட்டுக் காட்டுவேன். வக்கீல் கேட்பதற்கு முன்னால், ஜட்ஜ் கேட்பதற்கு முன்னால், அவள் கேட்கவேண்டும். முதலில் வருவது என் குரல்தான். அதிலிருந்து ஒரு விநாடியும் வெட்டப்போவதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பஸ் ஏறினாலும் ஏறாவிட்டாலும், ஏழேகாலுக்கு நான் அந்த பஸ்ஸில் இருப்பேன். பென்டிரைவைப் பொரிகடலையிலிருந்து எடுத்துத் துடைத்து, மனுவின் நகலோடு கவரில் போட்டுவிட்டேன்.

சற்றுமுன் ஜெயபால் எட்டிப் பார்த்து, “நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று கேட்டார்.

“ஏழேகால் பஸ்ஸு” என்றேன். ஆறரையைப் பற்றிச் சொல்லவில்லை.